பழைய வீட்டின் பின்பக்கம் ஓர் அறை சேர்க்கும்போது: பழைய தளத்தைத் தட்டிக் கம்பி கட்டலாமா?

பின்கட்டு எழுதியது:

தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. 9 அங்குலச் செங்கல் சுவர், தூண் கிடையாது, தளம் (கான்கிரீட் கூரை) சுவர் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கட்டி 18 வருடம் ஆகிறது, சொல்லும்படியான விரிசல் இல்லை. பின்சுவரையொட்டி 12 அடி நீளம், 10 அடி அகலத்தில் படுக்கையறை. அதன் பின்னால் 14க்கு 12 அடியில் இன்னோர் அறையும் அதற்குள்ளேயே 7க்கு 4 கழிவறையும் வேண்டும். பின்சுவரிலிருந்து மதில் வரை 22 அடி இடம் இருக்கிறது.

சந்தேகங்கள்:

1. பழைய தளத்தின் ஓரத்தைத் தட்டி, உள்ளே இருக்கும் கம்பியை வெளியே எடுத்து, புதுத் தளக் கம்பியோடு கட்டிவிட்டால் "ஒரே வார்ப்பு மாதிரி" ஆகிவிடும் என்கிறார் மேஸ்திரி. சரியா?

2. பழைய சுவரையொட்டியே 4 அடி ஆழத்துக்கு வானம் (அடித்தளக் குழி) தோண்டலாமா?

3. படுக்கையறையின் பின்சுவரில் 4 அடி ஜன்னல் இருக்கிறது. அதைக் கதவாக்குவதா, 8 அடிக்கு உடைத்து இரண்டு அறையையும் ஒன்றாக்குவதா? படுக்கையறைக்குப் பக்கச்சுவரில் 3க்கு 4 அடியில் இன்னொரு ஜன்னலும் உண்டு.

4. சுவரிலிருந்து 2½ அடி தள்ளிக் கழிவுநீர்த் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. அவை புது அறைக்குள் வந்துவிடும். மேலே மூடி டைல்ஸ் போட்டுவிடலாமா?

5. பிற்பாடு மாடி எடுக்கும் எண்ணமும் இருக்கிறது.

---

கம்பிக்கட்டு எழுதியது:

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: வேண்டாம்.

கணக்காகவே பாருங்கள். 10 மிமீ கம்பியை இன்னொரு கம்பியோடு சேர்த்துக் கட்டினால், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுமார் 500 மிமீ ஓட வேண்டும். கம்பி விட்டத்தைப் போல் ஏறக்குறைய 50 மடங்கு என்பது தளத்தில் கம்பி கட்டும் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் சுவரின் மொத்த அகலமே 230 மிமீ. சுவர் மேல் இருக்கும் பகுதி முழுவதையும் தட்டினால்கூட 200 மிமீ கம்பிதான் கையில் கிடைக்கும். 500 வேண்டுமென்றால் சுவரைத் தாண்டி அறைக்குள் ஒரு அடி வரை தட்ட வேண்டும். அப்போது தளம் எதன்மேல் நிற்கும்? தட்டிய கம்பியை வளைத்து நிமிர்த்துவதிலும், சம்மட்டி அதிர்ச்சியில் மிச்சக் கான்கிரீட்டை விட்டுக் கம்பி பிடி இழப்பதிலும் போகும் பலம் தனி.

அடுத்தது. பழைய தளத்தின் அந்த ஓரம் சும்மா சுவரில் உட்கார வேண்டிய ஓரமாகத்தான் வார்க்கப்பட்டது. அங்கே மேல்கம்பி பேருக்குத்தான் இருக்கும். புதுத் தளத்தோடு பிணைத்தால் அந்தச் சுவருக்கு நேர் மேலே தளம் இழுபடும். இழுப்பைத் தாங்க மேல்கம்பி இல்லாததால் சுவர்கோட்டிலேயே மேற்பக்கம் பிளந்து தண்ணீர் இறங்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், 18 வருடத்தில் பழைய வீடு இறங்க வேண்டிய அளவு இறங்கி முடித்துவிட்டது. புது அடித்தளம் இனிமேல்தான் இறங்கத் தொடங்கும். சில மில்லிமீட்டர்தான் என்றாலும், பிணைத்துக் கட்டினால் அந்தச் சில மில்லிமீட்டரும் விரிசலாகத்தான் வெளிவரும். புதுசு தன் காலில் நிற்கட்டும். நடுவில் 20 மிமீ இடைவெளி விட்டு, அதில் தெர்மோகோல் பலகை வைத்து, அடித்தளத்திலிருந்து தளம் வரை முழு உயரத்துக்கும் பிரித்துவிடுங்கள். பாதி பிரித்து, பிளிந்த் பீமை (தரைமட்டத்தில் ஓடும் கான்கிரீட் உத்தரம்) மட்டும் "பிடிப்புக்காக" பழைய சுவருக்குள் செருகும் வேலையும் கூடாது.

வானம் தோண்டுவது பற்றி. முதலில் பழைய சுவரையொட்டி 3 அடிக்கு 3 அடியில் ஒரே ஒரு சோதனைக்குழி எடுங்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும்: பழைய அடித்தளம் எவ்வளவு ஆழம், சுவரிலிருந்து எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது, அதன் கீழே என்ன மண். புதுக்குழி பழைய அடிமட்டத்துக்குக் கீழே போகாமல் இருப்பதே நல்லது. போயே ஆக வேண்டுமென்றால், ஒரு அடி கூடுதல் ஆழத்துக்குப் பழைய அடித்தள விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு அடி தள்ளிப் போக வேண்டும். மணல் மண்ணாக இருந்தால் இரண்டு அடி. எல்லாக் குழியையும் ஒரே நாளில் வெட்டித் திறந்து போடாதீர்கள். பழைய சுவர்ப் பக்கத்துக் குழிகளை ஒன்று முடித்து, வார்த்து, மண் மூடிய பிறகே அடுத்தது. திறந்த குழியில் மழைத்தண்ணீர் தேங்கினால் பழைய அடித்தளத்தின் கீழ் மண் இளகும். விரிசலே இல்லாத வீட்டில் விரிசல் வருவது அப்படித்தான்.

சுவரை ஒட்டியே அறை வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. பழைய அடித்தளம் 9 அங்குலம் நீண்டிருக்கிறது, புது ஃபுட்டிங் (தூணின் அடிப்பீடம்) 4க்கு 4 அடி என்று வையுங்கள். தூணின் மையத்தைச் சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிறுத்தி, அங்கிருந்து பீமையும் தளத்தையும் பழைய சுவர் வரை கேன்டிலீவராக (நுனியில் தாங்கல் இல்லாமல்) நீட்டலாம். தூணைச் சுவரோடு ஒட்டி வைத்து, ஃபுட்டிங்கை ஒரு பக்கம் மட்டும் நீட்டும் குறுக்குவழி ஆகாது. பாரம் ஓரத்தில் விழுந்து ஃபுட்டிங் சாயும்.

மாடிக்கு: புதுப் பகுதியின் ஃபுட்டிங்கையும் தூணையும் இப்போதே இரண்டு தளத்துக்குக் கணக்குப் போட்டால் அதன் மேல் எடுக்கலாம். பழைய பகுதி வேறு கதை, இதோடு குழப்பாதீர்கள். மேலே விட்டுவைக்கும் தூண் கம்பியை வெறுமனே வெயிலிலும் மழையிலும் விடாமல் சிமெண்ட் பால் அடித்து, மெலிந்த கலவையில் மூடி வையுங்கள்.

---

மட்டக்கோல் எழுதியது:

கம்பிக்கட்டு சொன்னது எல்லாம் சரி. ஆனால் அறையைச் சுவரோடு ஒட்ட வேண்டும் என்று யார் சொன்னது? 22 அடி இடம் இருக்கிறது. புது அறை சுவரோடு சேர்த்து 13½ அடி. நடுவில் 4 அடி திறந்தவெளி விட்டாலும் பின்னால் 4½ அடி மிஞ்சுகிறது. மதிலிலிருந்து எவ்வளவு விட வேண்டும் என்று உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேவையானால் அறையின் உள்ளளவை 12 அடியிலிருந்து 11½ ஆக்குங்கள்.

அறையை 4 அடி தள்ளி வைத்து, 4 அடி அகலத்தில் ஒரு சின்ன நடையால் மட்டும் இணைத்தால் என்ன ஆகிறது பாருங்கள். பழைய அடித்தளத்தோடு மோதல் இல்லை. கழிவுநீர்த் தொட்டிகள் வெளியிலேயே இருக்கும். பழையதும் புதியதும் சந்திக்கும் மூட்டு 14 அடியிலிருந்து 4 அடியாகச் சுருங்கும்; ஒழுகும் இடமும் அவ்வளவுதான். இரண்டு அறைக்கும் அந்த வெளியிலிருந்து காற்று வரும்.

ஒட்டிக் கட்டினால் படுக்கையறைக்கு மிஞ்சுவது பக்கச்சுவர் ஜன்னல் மட்டும். 120 சதுர அடி அறைக்குத் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 12 சதுர அடி திறப்பு வேண்டும். உங்கள் 3க்கு 4 ஜன்னல் சரியாக 12. கணக்கில் தேறுகிறது, காற்றோட்டத்தில் தேறாது. ஒரே சுவரில் திறப்பு இருந்தால் காற்று உள்ளே வரவே யோசிக்கும்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. புது அறைக்குப் போகும் வழி படுக்கையறை வழியாகத்தான். பழைய கதவிலிருந்து புதுக் கதவுக்கு 3 அடி அகலத்தில் ஒரு பாதை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். 3க்கு 10 என்றால் 30 சதுர அடி. அறையில் கால்வாசி நடைபாதைக்கே போய்விடும். இரண்டு கதவும் ஒரே பக்கச்சுவரையொட்டி நேர்க்கோட்டில் வந்தால் இத்தோடு தப்பலாம். மூலைக்கு மூலை வந்தால் கட்டில் போட இடமே அமையாது. தரையில் சாக்பீஸால் பாதையையும் கட்டிலையும் வரைந்து, நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கதவுக்கு அந்த ஜன்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே லிண்டல் (திறப்பின் மேலுள்ள சுவரைத் தாங்கும் கட்டை) ஏற்கெனவே இருக்கிறது, அடியில் இருக்கும் சுவரை மட்டும் இறக்கினால் போதும். தரையிலிருந்து லிண்டல் அடிவரை 7 அடி இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு பக்க விளிம்பையும் கட்டிங் மெஷினால் கோடு போட்டு அறுத்த பிறகே தட்ட வேண்டும். சம்மட்டியால் தொடங்கினால் லிண்டல் உட்காரும் இடத்துச் செங்கல் ஆட்டம் கண்டுவிடும். மேலே இருக்கும் சன்ஷேடை உடைக்கவே வேண்டாம். நடைக்குள் ஒரு அடுக்குப் போல இருந்துவிட்டுப் போகட்டும், பார்க்க அவ்வளவு மோசமாக இராது.

8 அடிக்கு உடைக்கும் யோசனையை விடுங்கள். 12 அடிச் சுவரில் 8 போனால் இரு பக்கமும் இரண்டிரண்டு அடிதான் மிச்சம். அந்தச் சுவர் தளத்தையும் கைப்பிடிச் சுவரையும் தாங்குகிறது. 5 அல்லது 6 அடி திறப்பு கட்டாயம் வேண்டுமென்றால் வரிசை இதுதான்: அறைக்குள் சுவரிலிருந்து 2 அடி தள்ளி, மேலும் கீழும் பலகை கொடுத்து, 3 அடிக்கு ஒன்றாக இரும்பு முட்டு நிறுத்துங்கள். முட்டு தளத்தைத் தொட்டு இறுகினால் போதும், தூக்கக்கூடாது. பழைய லிண்டலுக்கு மேலே, திறப்பை விட இரு பக்கமும் 9 அங்குலம் நீளமாக, சுவரின் ஒரு முகத்தில் மட்டும் காடி (நீளப் பள்ளம்) வெட்டுங்கள். அதன் இரு முனையிலும் கான்கிரீட் படுக்கைக்கட்டை போட்டு, 150 மிமீ சானலை (ப வடிவ இரும்பு உத்தரம்) உட்கார வைத்து, மேலே சுருங்காத கிரவுட்டால் (இடைவெளி நிரப்பும் கலவை) இறுக அடையுங்கள். மூன்று நாள் கழித்து அடுத்த முகத்தில் இதே வேலை. பிறகு 2 அடிக்கு ஒன்றாக 12 மிமீ போல்ட்டால் இரண்டு சானலையும் பிணையுங்கள். ஒரு வாரம் ஆன பிறகே கீழே உடைக்கலாம். சானலின் அளவைப் பொறியாளர் உங்கள் தளப் பாரத்துக்குக் கணக்குப் போட்டு உறுதி செய்ய வேண்டும். முதலில் உடைத்துவிட்டு "சீக்கிரம் பீம் வைத்துவிடலாம்" என்று கிளம்புவதுதான் விபத்து.

---

நீர்மட்டம் எழுதியது:

நாலாவது கேள்விக்குச் சொல்கிறேன். கழிவுநீர்த் தொட்டியை அறைக்குள் வைத்து டைல்ஸ் போட்டு மூடாதீர்கள். அடைப்பு வந்தால் தரையை உடைக்க வேண்டும், அடைப்பு வராவிட்டாலும் மூடி ஓரமாகக் கரப்பானும் வாடையும் வரும். மட்டக்கோல் சொன்னபடி தள்ளி வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஒன்று மட்டும்: தூண் குழி எதுவும் தொட்டிக்கு அடியில் வராதபடி முதலில் தரையில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நடையின் இடமும் தொட்டி மூடியின் மேல் விழக்கூடாது.

கழிவறையைப் புது அறையின் எந்த மூலையிலும் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். திறந்தவெளிப் பக்கத்து மூலையில், நடைக்கு எதிர்க்கோடியில் வையுங்கள். பழைய தொட்டிக்கு 3 மீட்டரில் போய்ச் சேரலாம். 110 மிமீ குழாய்க்கு 60க்கு 1 சரிவு கொடுத்தால் 50 மிமீ இறக்கம் போதும். மதில் பக்கம் வைத்தால் குழாய் அறையின் அடியில் ஓட வேண்டும். நீளமும் வளைவும் கூடும். எதற்கும் முன்னால் பழைய தொட்டியின் மூடியைத் திறந்து, வீட்டின் டைல்ஸ் மட்டத்திலிருந்து குழாய் அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். புதுக் கழிவறைக் குழாய் அதைவிட மேலே வந்து சேர்ந்தால்தான் ஆகும். குழாய் பிளிந்த் பீமைக் கடக்கும் இடத்தில், வார்க்கும்போதே 160 மிமீ குழாய்த்துண்டு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு பீமை உடைத்துத் துளை போடுவார்கள், கீழ்க்கம்பி போய்விடும். அந்தத் துண்டு எங்கே வரும் என்று பீமின் கம்பி விவரத்தோடு பொறியாளரிடம் காட்டுங்கள்.

தரைமட்டம்: பழைய டைல்ஸின் மேற்பரப்பைப் பூஜ்யமாக வையுங்கள். டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய குழாய்) அதே மட்டத்தைப் புதுத் தூண்கள் எல்லாவற்றிலும் குறியுங்கள். அங்கிருந்து கீழே எண்ண வேண்டும். டைல்ஸும் கலவையும் 50 மிமீ, அதன் கீழ் கான்கிரீட் 100 மிமீ, அதற்குக் கீழே நிரப்பு. நிரப்பு மண்ணை 6 அங்குலத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். ஒரே நாளில் லாரி மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தினால் ஒரு மழைக்காலம் தாண்டியதும் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள், டொக்டொக் என்று கேட்கும்.

நடை வரும் இடத்தில் பழைய சுவரின் அடிப்பகுதி இதுவரை வெளிக்காற்றில் இருந்தது. இப்போது அதையொட்டி மண் ஏறப்போகிறது. அந்த 4 அடிக்கு மட்டும் பழைய பூச்சைச் சுரண்டி, சிமெண்ட் அடிப்படை நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்து, கறையான் மருந்தும் விட்டுப் பிறகு மண் போடுங்கள். இல்லாவிட்டால் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறும்.

திறந்தவெளித் தரை வீட்டு மட்டத்தைவிட 4 அங்குலமாவது தாழ்ந்து, வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும்.

---

பின்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தள்ளி வைப்பது என்று முடிவு செய்துவிட்டோம். சோதனைக்குழி எடுத்தோம்: பழைய அடித்தளம் கருங்கல் கட்டு, 3 அடி ஆழம், 9 அங்குலம் வெளியே நீண்டிருக்கிறது, கீழே இறுகிய செம்மண். பொறியாளர் புது ஃபுட்டிங் 4க்கு 4, ஆழம் 4 அடி என்கிறார். நடைக்குத் தனித் தூண் வேண்டாம், புது அறையிலிருந்தே நீட்டலாம் என்கிறார். நடையின் கூரை பழைய சுவரைத் தொடும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் இருக்க என்ன செய்வது? பழைய கைப்பிடிச் சுவரில் இரண்டு மழைநீர்க் குழாய்கள் பின்பக்கம்தான் ஊற்றுகின்றன.

---

கம்பிக்கட்டு எழுதியது:

ஆழம் சரியாக வருகிறது. திறந்தவெளி 4 அடி, புதுச் சுவரின் 9 அங்குலத்தில் பாதி 4½ அங்குலம், அதில் ஃபுட்டிங் பாதி 2 அடி போனால் விளிம்பு பழைய சுவரிலிருந்து சுமார் 2 அடி 4 அங்குலத்தில் நிற்கும். பழைய நீட்சி 9 அங்குலம் கழித்தாலும் 1½ அடிக்கு மேல் இடைவெளி. நீங்கள் போவது ஒரு அடி கூடுதல் ஆழம்தான். இறுகிய செம்மண்ணில் போதும்.

முதலில் அந்த மழைநீர்க் குழாய்கள். அவற்றில் ஒன்றாவது புதுக் கூரை மேலோ மூட்டின் மேலோ ஊற்றும் நிலைமை வரும். இரண்டையும் அடைத்து, பழைய மொட்டை மாடியின் சரிவைப் பக்கவாட்டுக்குத் திருப்பி, அங்கே 100 மிமீ குழாய் இரண்டு வைத்துவிட்டுத்தான் புது வேலையைத் தொடங்க வேண்டும்.

மூட்டு இப்படி: நடைத் தளத்தை வார்க்கும்போதே பழைய சுவர்ப் பக்க ஓரத்தில் 6 அங்குல உயரம், 4 அங்குல அகலத்தில் ஒரு கட்டை சேர்த்து வாருங்கள். அதற்கும் பழைய கைப்பிடிச் சுவருக்கும் 20 மிமீ இடைவெளி. பழைய தளம் சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் அந்த விளிம்பிலிருந்துதான் 20 மிமீ. இடைவெளியின் மேல்பகுதியில் 25 மிமீ நுரைக்கயிற்றை அழுத்தி இறக்கி, அதன் மேல் 10 மிமீ ஆழத்துக்குப் பாலியூரித்தேன் சீலண்ட். ஆழம் அகலத்தில் பாதி என்பது கணக்கு. இடைவெளி முழுக்கச் சீலண்டை நிரப்பினால் கூடுதல் பலம் என்று நினைப்பார்கள். இரண்டு பக்கம் மட்டும் ஒட்டினால்தான் அது ரப்பர் போல இழுபடும். அடியிலும் ஒட்டினால் கிழியும். நுரைக்கயிறு அதற்குத்தான்.

சீலண்டை மட்டும் நம்பாதீர்கள், வெயிலில் சில வருடத்தில் வறண்டுவிடும். கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் 25 மிமீ காடி வெட்டி, அலுமினியத் தகட்டின் ஒரு விளிம்பை அதில் செருகி அடைத்து, மறு விளிம்பைக் கட்டையின் மேல் மடித்து 3 அங்குலம் கீழே தொங்க விடுங்கள். தகடு பழைய சுவரில் மட்டும் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். கட்டையில் ஆணி அடித்தால், கட்டடம் அசையும்போது தகடு காடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். கூரைச் சரிவு மூட்டை விட்டு விலகிப் போகும்படி 80க்கு 1.

உள்ளே சுவர் மூட்டில் பூச்சுக்காரர் கோழிவலை வைத்துப் பூசிவிடுகிறேன் என்பார். தூணும் செங்கலும் சேரும் இடத்துக்கு வலை சரி. பழையதும் புதியதும் சேரும் இடத்தில் வலையோடு பூச்சும் கிழியும். இரு பக்கப் பூச்சையும் நேர்க்கோட்டில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் திருகிய பட்டையால் மூடுங்கள். கதவு நிலையடியிலும் டைல்ஸை அதே கோட்டில் வெட்டி, மேலே வைக்கும் கல்லை ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள். கரண்டுக் குழாய் மூட்டைக் கடக்கும் இடத்தில் வளையும் குழாய் போட்டு ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

கடைசியாக நடைத் தளம். 4 அடி கேன்டிலீவர். முக்கியக் கம்பி மேலேதான், அது புது அறைத் தளத்துக்குள் 6 அடியாவது போக வேண்டும். வார்க்கிற அன்று கம்பி மேல் ஆள் நடந்து, கூடை இறக்கி, மேல்கம்பி அடியில் போய்ப் படுத்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. முட்டுகளை எடுத்த பிறகு தளம் தொங்கும். 12 மிமீ கம்பியில் சேர் (மேல்கம்பியைத் தாங்கும் நாற்காலி போன்ற வளைவு) வளைத்து 2 அடிக்கு ஒன்றாக மேல்கம்பிக்கு அடியில் கட்டுங்கள். நடக்கப் பலகை போடுங்கள். கான்கிரீட் கொட்டுவதற்குச் சற்றுமுன் ஸ்கேலை நிறுத்தி அளந்து பாருங்கள்: மேல்கம்பிக்கு மேல் 20 மிமீ கான்கிரீட் கவர்தான் இருக்க வேண்டும், 50 அல்ல. அறைத்தள முட்டு 14 நாள் இருக்கட்டும். நடை முட்டுகளை அதற்கும் பிறகு, நுனியிலிருந்து தொடங்கி உள்பக்கமாக எடுங்கள்.

---

மட்டக்கோல் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. நூல் பிடிக்கும்போது பழைய சுவருக்கு இணையாகவே எல்லாக் கோட்டையும் போடாதீர்கள். பழைய வீடு மூலைமட்டம் தப்பியிருக்கலாம்; 14 அடியில் 2 அங்குலம் ஓடியிருந்தால் புது அறையும் கோணலாகி, டைல்ஸ் ஓரத்தில் ஆப்பு வடிவத் துண்டு வெட்ட வேண்டி வரும். 3-4-5 முக்கோணம் போட்டுப் புது அறையைச் சரியான மூலைமட்டத்தில் நிறுத்தி, இரண்டு மூலைவிட்டமும் ஒன்றா என்று டேப் வையுங்கள். கோணல் இருந்தால் அது நடையின் 4 அடிக்குள் கரைந்துவிடும்.